வைஃபை பாஸ்வேர்டுக்கு உங்களைத் தெரியாது

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் வேலையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "அதான் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே, அப்புறம் என்ன?" போட்டிருப்பது நல்லதுதான். ஆனால் அலுவலகம் முழுவதற்கும் அது ஒன்றே. போன மாதம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும், ஒரு நாள் வந்துபோன ஆடிட்டருக்கும் தெரியும். வைஃபை சிக்னலைத் தரும் பெட்டியான அக்சஸ் பாயிண்டுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான்.

ரவுட்டர் செட்டிங்கில் 'டபிள்யூபிஏ2 பர்சனல்' அல்லது 'பிஎஸ்கே' என்று இருப்பது இந்த முறைதான். பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். அது காற்றில் அப்படியே போவதில்லை. நெட்வொர்க்கின் பெயரான எஸ்எஸ்ஐடியோடு அதைச் சேர்த்து, 4096 சுற்று ஹாஷ் (திருப்பிப் போட முடியாத ஒருவழிக் கணக்கு) போட்டு ஒரு மூலச் சாவி உருவாகிறது. பிறகு போனும் அக்சஸ் பாயிண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, அந்த இணைப்புக்கு மட்டுமான சாவியை அமைத்துக்கொள்கின்றன. இதைத்தான் 'ஃபோர் வே ஹேண்ட்ஷேக்' என்கிறோம்.

சிக்கலும் இங்கேதான். இந்த நான்கு செய்திகளை யார் வேண்டுமானாலும் பக்கத்தில் இருந்து பிடித்துவைத்துக்கொள்ளலாம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் 'டீஆத்' செய்தியைப் போலியாக அனுப்புவார். உங்கள் போன் அறுந்து மறுபடி இணையும்போது பிடித்துவிடுவார். அப்புறம் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பாஸ்வேர்டுகளை ஊகித்துப் பார்க்கலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் வசதி எதுவும் அங்கே கிடையாது. நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் சேர்ந்த பாஸ்வேர்டெல்லாம் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும். ஏற்கெனவே பாஸ்வேர்டு தெரிந்தவருக்கோ ஊகிக்கவே வேண்டாம்: உங்கள் ஹேண்ட்ஷேக்கைப் பிடித்தால் வைஃபை போடும் பூட்டு அவருக்குத் திறந்துவிடும். உள்ளே இணையதளங்கள் தனியாகப் போடும் ஹெச்டிடிபிஎஸ் பூட்டு இருப்பதால்தான் ஓரளவு தப்பிக்கிறோம்.

2018இல் வந்த டபிள்யூபிஏ3, 'எஸ்ஏஇ' என்ற முறையால் இந்த ஓட்டையை அடைத்தது. பிடித்துவைத்ததை வைத்து ஊகிக்க முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் நெட்வொர்க்கோடு நேரடியாகப் பேசியாக வேண்டும். போலி டீஆத் செய்திகளைத் தடுக்கும் பாதுகாப்பும் அதில் கட்டாயம்.

1997இன் பழைய பாதுகாப்பு முறையான டபிள்யூஇபி எங்காவது இன்னும் ஓடினால் அணைத்துவிடுங்கள். அதன் பலவீனம் 2001லேயே வெளிவந்துவிட்டது. பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் எண்ணை அடித்து இணையும் 'டபிள்யூபிஎஸ்' வசதியின் 'பின்' நம்பரும் அப்படித்தான். எட்டு இலக்கம் என்பார்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, மீதியையும் ரவுட்டர் நான்கு, மூன்று என இரண்டு துண்டாகச் சோதிக்கிறது. ஆக, அதிகபட்சம் 11,000 முயற்சிகள்தான். எஸ்எஸ்ஐடியை மறைப்பதும், ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து வடிகட்டுவதும் வெறும் மனத் திருப்திக்கு. தரவு பூட்டப்பட்டிருந்தாலும் மேக் முகவரி காற்றில் பட்டவர்த்தனமாகத்தான் போகிறது.

சரி, ஆளை ஆளாக அடையாளம் காண என்ன வழி? அதற்குத்தான் 'எண்டர்பிரைஸ்', அதாவது 802.1எக்ஸ். இதில் மூவர் உண்டு: உங்கள் சாதனம், அக்சஸ் பாயிண்ட், பின்னால் உட்கார்ந்து கணக்குகளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர். அக்சஸ் பாயிண்ட் வெறும் வாயில்காப்போன், முடிவெடுப்பது ரேடியஸ். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு என்பதால், ஒருவர் விலகினால் அவருடைய கணக்கை மூடினால் போதும்.

ஆனால் பலர் கோட்டை விடுவதை நான் அதிகம் பார்ப்பதும் இதில்தான். பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் 'பீப்' முறையில், முதலில் சர்வர் தான் யார் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது அசல்தானா என்று போன் பார்க்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் சான்றிதழ் பகுதியில் 'சரிபார்க்க வேண்டாம்' என்றொரு தேர்வு இருக்கும். சீக்கிரம் இணைந்தால் போதும் என்று அதையே தட்டச் சொல்லிக் கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. அப்படி அமைத்த போன், அதே எஸ்எஸ்ஐடியை வைத்து யாராவது பக்கத்தில் போலி நெட்வொர்க் விரித்தால், மறுகேள்வி கேட்காமல் அதனிடம் உள்நுழைவு விவரத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடும். பாஸ்வேர்டு நேராகப் போகாவிட்டாலும், போவதை வைத்து அதை உடைத்தெடுக்க முடியும். பெரும்பாலும் மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்டுதான்! எனவே சான்றிதழைச் சரிபார்க்கும்படி வையுங்கள், சர்வரின் டொமைன் பெயரையும் நிரப்புங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் இரு பக்கமும் சான்றிதழ் காட்டும் 'ஈஏபி-டிஎல்எஸ்' இன்னும் நல்லது. அமைக்கத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும் பொது வைஃபைப் பக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆளைக் கேட்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் அடியில் இருப்பது பூட்டில்லாத திறந்த நெட்வொர்க்.

உள்ளே வந்தவர் எதையெல்லாம் தொடலாம் என்பது வேறு கணக்கு. அதற்குப் பெயர் ஆதரைசேஷன். பிரிண்டர், கேமரா போன்ற பல சாதனங்களுக்கு 802.1எக்ஸ் தெரியாது. அவற்றுக்குத் தனி எஸ்எஸ்ஐடியும் நீளமான தனிப் பாஸ்வேர்டும் கொடுங்கள். அங்கிருந்து கணக்குப் பிரிவின் சர்வருக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.