வைரல்: வைரமா, அலரா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடை வாசலில், ‘வைரல் சேலை, 89 வெள்ளி மட்டுமே’ என்று பதாகை தொங்கியது. என்னோடு வந்த அத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். “எம்பத்தொம்பது வெள்ளிக்கு வைரமா?” கடைத் தம்பி சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினான். டிக்டாக்கில் அவர்கள் கடைப் பெண்ணே அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள். பார்த்தவர்கள் 214 பேர்.

வைரலுக்கு உறவு வைரஸ். லத்தீனில் அதற்கு நஞ்சு என்று பொருள். பிறகு கிருமிக்குப் பெயரானது. ‘வைரல் காய்ச்சல்’ என்று கிளினிக்கில்தான் நாம் முதலில் கேட்டிருப்போம். அதை விளம்பர உலகில் புழங்கவிட்டது ஹாட்மெயில் கதை. 1996இல் தொடங்கிய அந்த இலவச மின்னஞ்சல், போகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘உங்களுக்கும் இலவசம்’ என்கிற மாதிரி ஒரு வரியை ஒட்டி அனுப்பியது. கடிதம் எழுதியவரே விளம்பரக்காரர் ஆகிவிட்டார்! ஒன்றரை ஆண்டில் ஒரு கோடிப் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதில் முதலீடு செய்த ஸ்டீவ் ஜுர்வெட்சனும் டிம் டிரேப்பரும் 1997இல் இந்த உத்தியை ‘வைரல் மார்க்கெட்டிங்’ என்று எழுதிப் பிரபலமாக்கினார்கள்.

மலாய்க்காரர்கள் ‘துலார்’ என்கிறார்கள். அதுவும் நோய் தொற்றுவதைக் குறிக்கும் ‘மெனுலார்’ குடும்பம்தான்.

சரி, தமிழில்? வைரஸை நச்சுயிரி என்பார்கள். ‘நச்சுயிரிச் சேலை’ என்று எழுதினால் கடையை மூட வேண்டியதுதான். செய்திகளில் ‘பரவலாகி வரும் காணொளி’ என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பரவலான மழை என்போமே, அந்தச் சொல்லில் வேகமும் இல்லை, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குத் தாவுவதும் இல்லை.

சங்கப் பாடல்களில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. காதல் சேதியை நாலு பேர் கமுக்கமாகப் பேசினால் அம்பல். ஊரே வாய்விட்டுப் பேசினால் அலர். அலர்தல் என்றால் பூ மலர்வதும்தான். குறளில் அலருக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அவனைப் பார்த்தது ஒரே நாள், பேச்சோ நிலவைப் பாம்பு விழுங்கிய சேதி மாதிரி எங்கும் பரவிவிட்டது என்று அதில் ஒருத்தி புலம்புகிறாள். வைரலுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. யூடியூபில் முதன்முதலாக 100 கோடிப் பார்வையைத் தொட்ட ‘கங்னம் ஸ்டைல்’ என்ற கொரியப் பாட்டு அலர். 2013 சீனப் புத்தாண்டுக்கு அந்தப் பாடகர் சையைப் பினாங்குக்கே வரவழைத்து மேடையேற்றினார்கள்.

அலரை இன்று பதாகையில் போட்டால் யாருக்கும் புரியாது. ‘ஊரே பேசும் சேலை’ என்று போடலாம். அத்தையும் வைரத்தைத் தேட மாட்டார். ஆனால் அன்று அந்தக் கடையில் பாதிச் சேலை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. 214 பேரை அம்பல் கணக்கில் வேண்டுமானால் சேர்க்கலாம்.