மரபாளரா, பழமைவாதியா?

திருச்சபைக்குள் கொள்கைச் சண்டை எதுவும் செய்தியானால் தமிழில் ஒரே வரிதான் வருகிறது: "பழமைவாதிகளுக்கும் முற்போக்காளர்களுக்கும் மோதல்." மெதடிஸ்ட் சபை உடைந்தாலும் இதே வரி. ஆங்கிலிக்கன் பேராயர்கள் முறைத்துக்கொண்டாலும் இதே வரி. லத்தீன் பூசைக்காகக் கத்தோலிக்கர் மல்லுக்கு நின்றாலும் இதேதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இவர்களில் பலர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ட்ரெடிஷனலிஸ்ட். அந்தச் சொல்லில் பழமை எங்கே இருக்கிறது?

வேர் லத்தீன். த்ராதெரே என்றால் கையளித்தல். ட்ரெடிஷன் என்பது கையளிக்கப்பட்டது. (காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் ட்ரெய்ட்டரும் இதே வேரில் முளைத்ததுதான். சண்டையில் இரு தரப்பும் மற்றவரை அப்படித்தான் நினைக்கின்றன.) கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் பரதோசிஸ்.

பழைய தமிழ் வேதாகமம் இந்தக் கிரேக்கச் சொல்லை இடத்துக்கு இடம் வேறு விதமாகப் பெயர்த்திருக்கிறது. பரிசேயரை இயேசு கண்டிக்கும் இடத்தில் அது 'முன்னோர்களின் பாரம்பரியம்'. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தான் உபதேசித்ததை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் சொல்லும் இடத்தில் அதுவே 'முறைமைகள்'. திட்டும்போது ஒன்று, போற்றும்போது வேறொன்று. ஆக, மூலத்தில் இல்லாத தீர்ப்பை மொழிபெயர்ப்பில் ஏற்றும் பழக்கம் நேற்று வந்ததல்ல. ஆனால் அங்கே இடம் பார்த்தாவது செய்தார்கள். 'பழமைவாதி' எந்த இடமும் பார்ப்பதில்லை.

முதல் கோளாறு, இந்தச் சண்டை வயதைப் பற்றியதே அல்ல என்பது. அமெரிக்காவின் பெரிய புராட்டஸ்டண்ட் சபைகளில் ஒன்றான ஐக்கிய மெதடிஸ்ட் சபையைப் பாருங்கள். 2019-இல் அதன் சிறப்புப் பொதுமாநாடு நிறைவேற்றிய தீர்மானத்துக்குப் பெயரே மரபுத் திட்டம். ஒருபால் உறவு கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது என்ற வாசகத்தைக் காப்பதற்காக வந்த திட்டம் அது. அந்த வாசகம் சபையின் ஒழுங்கு நூலில் ஏறியது 1972-இல். சபையே இன்றைய பெயரில் உருவானது 1968-இல்தான். 2022-இல் பிரிந்துபோய் உலக மெதடிஸ்ட் சபையைத் தொடங்கியவர்கள் அந்த ஐம்பதாண்டு வாசகத்தை அதன் வயதுக்காகக் காக்கவில்லை. அப்போஸ்தலரிடமிருந்து கைமாறி வந்த போதனையை அது சொல்கிறது என்பதற்காகக் காத்தார்கள். அது சரியா தவறா என்று வழக்காடலாம். ஆனால் வழக்கு, எது கையளிக்கப்பட்டது என்பதைப் பற்றியது.

பழைய கத்தோலிக்கர் என்றொரு சபை இருக்கிறது. பெயரிலேயே 'பழைய' உண்டு. 1870-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய முதல் வத்திக்கான் சங்கம், திட்டவட்டமாகப் போதிக்கும்போது திருத்தந்தை (போப்) தவறமாட்டார் என்னும் தவறாவரத்தைக் கோட்பாடாக்கியபோது, இது புதுச்சரக்கு, எங்களுக்கு வேண்டாம் என்று விலகியவர்கள். அதே சபை ஜெர்மனியில் 1996-இல் பெண்களைக் குருவாக்கியது. இவர்கள் பழமைவாதிகளா? மறுபக்கம், 1988-இல் உரோமையின் அனுமதியில்லாமல் நான்கு பேரை ஆயராக்கி, சபை விலக்கம் பெற்ற பேராயர் லெஃபெவ்ரின் கூட்டத்தார் (லத்தீன் பூசைக்காக நிற்பவர்கள்), 1870-இல் புதிதாக வரையறுத்த அந்தக் கோட்பாட்டை ஏற்பவர்கள். அவர்கள் கையில் இருக்கும் பூசைநூல் 1962-ஆம் ஆண்டுப் பதிப்பு. பழமையை அளவுகோலாக வைத்தால் யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதும் அல்ல. பழையன கழியும், புதியன புகும், அது குற்றமில்லை என்கிறது நன்னூல். மரபைப் பற்றி அப்படி எந்த இலக்கணமும் சொல்லவில்லை. "மரபுநிலை திரியின் பிறிதுபிறி தாகும்" என்பது தொல்காப்பிய மரபியல்: மரபு பிறழ்ந்தால் பொருளே வேறாகிவிடும். மரபாளர் தரப்பின் வாதத்தை இதைவிடச் சுருக்கமாக அவர்களே சொன்னதில்லை. பழமை கழியக்கூடியது, மரபு தொடர்வது. இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் மொழியில் போய் இரண்டையும் ஒன்றாக்குகிறோம்.

விகுதியையும் கவனியுங்கள். ஒருவருக்கு 'வாதி', மற்றவருக்கு 'ஆளர்'. பிடிவாதி, பயங்கரவாதி, பிரிவினைவாதி வரிசையில் ஒரு தரப்பை உட்கார வைத்துவிட்டு, எதிர்த்தரப்புக்கு மரியாதை விகுதி தந்தாயிற்று. செய்தியைப் படிக்கும் முன்பே யார் பக்கம் நிற்க வேண்டும் என்று வாசகனுக்குச் சொல்லியாகிவிட்டது.

என் பரிந்துரை மரபாளர். மரபினர் என்றால் வம்சத்தார் ஆகிவிடும். மரபுவழியினர் என்றால் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையாரோடு குழம்பும். அந்தச் சபையை மரபுவழித் திருச்சபை என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வைதிகர் என்று சிலர் எழுதுவதைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தவிர்க்கலாம். ட்ரெடிஷனலிஸ்ட் என்று ஒலிபெயர்த்தே எழுதினாலும் எனக்குக் குறையில்லை. தவறான தமிழைவிட நேர்மையான கடன்சொல் மேல்.

பழமைவாதி வந்த வழி அரசியல். பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியைப் பழமைவாதக் கட்சி என்று எழுதிப் பழகிய கை, கோயிலுக்குள்ளும் அதே முத்திரையோடு நுழைந்துவிட்டது. கன்சர்வ் என்பதும் காத்தல்தான், பழமை அல்ல. அது வேறு வழக்கு. இப்போது இன்னும் ஒரு படி ஏறி 'தீவிரப் பழமைவாதி' வந்திருக்கிறது. லத்தீனில் பூசை கேட்கும் எண்பது வயதுப் பாட்டியும் இதில் அடக்கம்.

எதிர்த்தரப்பு வைத்த பெயரையே செய்தியில் எழுதுவது என்று முடிவெடுத்தால், அதை இரு பக்கமும் செய்யட்டும். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1907-இல் நவீனவாதத்தை எல்லாத் தப்பறைகளின் (தவறான போதனைகளின்) திரட்டு என்று கண்டித்தார். அந்தக் கணக்குப்படி முற்போக்காளர்களை 'நவீனவாதிகள்' என்று அச்சிட வேண்டும். எந்த ஆசிரியர் குழு அதற்குச் சம்மதிக்கும் என்று பார்க்கலாம்.