அம்மா ‘எஸ்தோ’ அல்ல

என்னிடம் ஸ்பானிஷ் படித்துவிட்டு மேற்படிப்புக்காக வலென்சியா போன மாணவி சென்ற வாரம் அழைத்தார். தங்கியிருக்கும் வீட்டின் அம்மையாரிடம் குடும்பப் படத்தைக் காட்டி, ‘எஸ்தோ எஸ் மி மாத்ரே’ என்றிருக்கிறார். அந்த அம்மையார் படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘எஸ்தா, இஹா (மகளே), எஸ்தா’ என்று திருத்தினாராம்.

“இது என் அம்மா என்றுதானே சொன்னேன் மேடம்?”

தமிழில் அது தவறே இல்லை. ஸ்பானிஷில் பெண்பாலுக்கு ‘எஸ்தா’ வர வேண்டும்; ‘எஸ்தோ’ என்றதால், பெற்ற தாயைப் பொட்டலம் போலச் சுட்டிக்காட்டியதாகிவிட்டது. இதே கதையை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

கோளாறு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். எஸ்தோ (இது), எசோ (கேட்பவர் பக்கத்து அது), அகேயோ (தொலைவில் உள்ள அது) மூன்றும் ‘நியூட்ரோ’, அதாவது ஆண்பாலும் அல்ல பெண்பாலும் அல்ல, என்று பாடநூல் சொல்லும். உடனே நம்மவர்கள் பள்ளி இலக்கணத்தை நினைத்து, ஓரத்தில் ‘அஃறிணை’ என்று எழுதிக்கொள்வார்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். ஸ்பானிஷில் நியூட்ரோவான பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. உயிரில்லாத பொருளாயிற்றே என்ற சலுகையெல்லாம் அங்கே இல்லை. புத்தகம் ஆண்பால். மேசை பெண்பால்: மேசா. (நம் மேசையும் போர்த்துகீசிய மேசாவிலிருந்து வந்ததுதான்; வரும் வழியில் பாலை உதறிவிட்டு வந்திருக்கிறது.) எஸ்தோ என்பது ‘உயிரில்லாத பொருள்’ என்ற அர்த்தத்தில் வருவதில்லை, இன்னும் பெயர் சூட்டப்படாததற்கும், ஒரு முழு விஷயத்துக்கும்தான் வரும்.

கூரியரில் ஒரு பெட்டி வருகிறது. பிரிக்கிறீர்கள், உள்ளே ஏதோ இருக்கிறது. ‘கே எஸ் எஸ்தோ?’ மிகச் சரி. எடுத்துப் பார்த்தால் சாவி. சாவி, அதாவது யாவே, பெண்பால். அந்தப் பெயர் மனத்துக்கு வந்த நொடியிலிருந்து ‘எஸ்தா நோ எஸ் மியா’, இது என்னுடையதல்ல. கையில் இருப்பது அதே சாவிதான், சொல்தான் மாறிவிட்டது.

விஷயத்துக்கு எப்படி வரும்? ‘அவன் சொல்லாமல் போய்விட்டான். அது எனக்குப் பிடிக்கவில்லை.’ இந்த ‘அது’ எந்தப் பொருளையும் சுட்டவில்லை, அவன் போன செயலைச் சுட்டுகிறது. ‘எசோ நோ மே குஸ்தா.’ நம் ‘அதனால்’ அவர்களிடம் ‘போர் எசோ’. இரண்டின் உள்ளேயும் ஒரு ‘அது’ உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த தவறு ‘எஸ்தோ லிப்ரோ’; லிப்ரோ என்றால் புத்தகம். ஓகாரத்தில் முடிந்தால் ஆண்பால் என்று மனப்பாடம் செய்ததன் விளைவு. ஆண்பால் எஸ்தே; எஸ்தே லிப்ரோ. ஆங்கிலத்தில் ‘திஸ்’ ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கும். தமிழ் அப்படியா? ‘இந்தப் புத்தகம்’ என்போம். ‘இது புத்தகத்தை எடு’ என்று யாராவது சொல்வோமா? தமிழில் ‘இந்த’ வரும் இடத்தில் எஸ்தோ வராது. ‘இது’ வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள்: ஆளா? பெயர் தெரிந்த பொருளா? இரண்டும் இல்லையென்றால் எஸ்தோ.

இவற்றுக்குப் பன்மை இல்லை, தேடாதீர்கள். கூட வரும் பெயரடை ஆண்பால் ஒருமையில் நிற்கும்: ‘எஸ்தோ எஸ் காரோ’, இது விலை அதிகம். தலையில் உச்சரிப்புக் கோடும் வேண்டாம். பழைய நூல்களில் எஸ்தே, எஸ்தா மீது அந்தக் கோடு இருக்கும். 2010-இல் ஸ்பானிஷ் அகாடமி அதுவும் தேவையில்லை என்றுவிட்டது. எஸ்தோவுக்கு அது என்றுமே இருந்ததில்லை.

எசோவுக்கும் அகேயோவுக்கும் இடையில் தடுமாறுகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இது, உது, அது என்ற மூன்றும் அவர்கள் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கேட்பவர் பக்கத்தில் இருக்கும் ‘உது’வே எசோ. இதை நான் அவர்களுக்கு விளக்கியதே இல்லை.

வலென்சியா மாணவி நேற்று மறுபடி அழைத்தார். வீட்டு அம்மையார் வாடகையைக் கூட்டப்போகிறாராம். இவர் ‘எஸ்தோ தெல் அல்கிலேர் நோ மே குஸ்தா’, வாடகை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை, என்றிருக்கிறார். இம்முறை அந்த அம்மையார் திருத்தவில்லை, வாடகையையும் குறைக்கவில்லை.