பழைய சுவரை ஒட்டி ரூம் எடுக்கும்போது எத்தனை அடி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டணும்?

ஒரு கொத்தனாரிடம் கேட்டால் மூன்று அடி என்பார், இன்னொருவர் ஐந்து அடி என்பார், இரண்டும் சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் முதலாமவர் நம் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்துச் செம்மண்ணில் வேலை செய்து பழகியவராகவும் மற்றவர் சுசீந்திரம் பக்கம் வயலை நிரப்பிய மனைகளில் வீடு கட்டியவராகவும் இருக்கலாம். ஆழத்தை முடிவு செய்வது மண்தான். இருக்கிற வீட்டோடு ரூம் எடுக்கும்போது அந்தப் பழைய வீடும் சேர்ந்து முடிவு செய்கிறது. பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். சுவரின் பாரம் கீழே அழுத்தும்போது அடி மண் பக்கவாட்டில் பிதுங்கி மேலே வரப் பார்க்கும். அப்படி வரவிடாமல் அமுக்கிப் பிடிப்பது சுற்றியிருக்கும் மண்ணின் எடை. இதை வைத்து 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின் குறைந்தபட்ச ஆழத்துக்குத் தந்த சூத்திரம் இன்றும் பாடத்தில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 10 டன் பாரம், கன மீட்டருக்கு 1.8 டன் எடையுள்ள மண், உராய்வுக் கோணம் (மண் துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்து நிற்கும் என்பதன் அளவு) 30 டிகிரி என்று போட்டால் விடை சுமார் 62 செ.மீ., அதாவது இரண்டு அடிதான்! இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904 சொல்லும் குறைந்தபட்ச ஆழமும் இயல்பான தரையிலிருந்து 50 செ.மீ.தான். ஆனால் இயல்பான தரை என்பதைக் கவனியுங்கள், மேலே கொட்டிய லோடு மண் இந்தக் கணக்கில் வராது.

அப்புறம் ஏன் மூன்று, நான்கு அடி போகிறோம்? வேரும் மக்கிய இலையும் கலந்த மேல்மண்ணைத் தாண்டி, மழையில் இளகாத கெட்டி மண்ணைப் பிடிப்பதற்காக. நம் செம்மண்ணிலும் சரளையிலும் இருப்பது பெரும்பாலும் கயோலின் வகைக் களி. கரிசல் மண்ணைப் போல அது மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்காது, அதனால் கரிசல் காட்டில் போகிற ஆழம் இங்கே தேவைப்படாது. வயல் நிரப்பிய இடம் வேறு கதை. நிரப்பிய மண்ணையும் அதன் கீழே இருக்கும் பழைய வயல் களியையும் தாண்டித்தான் ஆகவேண்டும், ஆறடி போயும் கெட்டி மண் தட்டவில்லை என்றால் தோண்டுவதை நிறுத்திவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர மணலில் சிக்கல் தண்ணீர். நிலத்தடி நீர் அஸ்திவாரத்தின் அடிமட்டம் வரை ஏறினால் மணல் தாங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆகவே கிணற்று மட்டத்தைப் பங்குனியில் பார்த்து முடிவு செய்யாமல் ஐப்பசி, கார்த்திகையில் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பழைய வீடு. அதன் சுவரை ஒட்டி ஒரு சின்னக் குழி போட்டு, கருங்கல் கட்டு எத்தனை அடியில் முடிகிறது என்று முதலில் பாருங்கள். கெட்டி மண் அங்கேயே இருந்தால் புதிய அஸ்திவாரத்தையும் அதே மட்டத்தில் நிறுத்துவதுதான் நல்லது. அதைவிடக் கீழே தோண்டினால் பழைய அஸ்திவாரத்தின் அடி மண்ணுக்குப் பக்கத் தாங்கல் போய்விடும், மண் சரிந்தால் சுவரும் கூடவே வரும். சரளை, மணல் பாங்கான இடத்தில் ஓரடி அதிக ஆழம் போனால் இரண்டடி தள்ளிப் போகவேண்டும் என்பது அதே தரநிலையின் விதி. தள்ளிப் போக இடமில்லையா? அப்படியென்றால் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்கவே கூடாது, ஒரு மீட்டர் அளவுக்கு விட்டுவிட்டுத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொடவேண்டும்.

ஆழம் சரியாக இருந்தாலும் புதுக் கட்டடம் கொஞ்சம் அமரத்தான் செய்யும். பழைய வீடு பல வருடங்களுக்கு முன்பே அமர்ந்து முடித்துவிட்டது. இந்த இரண்டையும் செங்கல்லைக் கோத்து இணைத்தால் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் விழும், எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். சேருமிடத்தில் சிறு இடைவெளி விட்டு, புதிய சுவரைத் தனியாக எழுப்பி, மேலே மழைத் தண்ணீர் இறங்காமல் மூடுவதுதான் என் பார்வையில் சரியான வழி.

நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தோண்டிய வானத்தைத் திறந்தபடி போட்டுவைத்தால் தண்ணீர் நின்று அடி மண் சேறாகிவிடும், அதனால் தோண்டி முடித்த கையோடு அடிக் கான்கிரீட்டைப் போட்டுவிடுங்கள். அதற்குள் மழை வந்துவிட்டால் சேறு முழுவதையும் வழித்து எடுங்கள், அதனால் கூடிய ஆழத்தை மண் போட்டு நிரப்பாமல் கான்கிரீட்டாலேயே நிரப்புங்கள்.