ஓலந்து தீவுகளின் இரண்டு சாவிப் பூட்டு

வங்கி லாக்கர் திறக்கப் போனவர்களுக்குத் தெரியும். வங்கியிடம் ஒரு சாவி, நம்மிடம் ஒரு சாவி. ஒன்றை மட்டும் போட்டுத் திருகினால் கதவு அசையாது. ஓலந்து தீவுகளின் தன்னாட்சி நூறாண்டு தாண்டியும் நிற்பது இதே சூட்சுமத்தால்தான்.

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே, பால்டிக் கடலில் சுமார் 30,000 பேர் வாழும் தீவுக்கூட்டம் இது. பேசுவது சுவீடிஷ். 1917-இல் ரஷ்யப் பேரரசு சரிந்ததும் பின்லாந்து சுதந்திரம் அறிவித்தது. பின்லாந்துக்குக் கிடைத்த சுயநிர்ணய உரிமை எங்களுக்கும் வேண்டும், சுவீடனோடு சேர்கிறோம் என்றார்கள் தீவுக்காரர்கள். பிரச்சினை ஐ.நா.வுக்கு முந்தைய பன்னாட்டுச் சங்கத்துக்குப் போனது. 1921 ஜூனில் முடிவு வந்தது: தீவுகள் பின்லாந்துக்கே, ஆனால் மொழிக்கும் நிலத்துக்கும் உத்தரவாதத்தோடு.

அந்த உத்தரவாதம் அன்றாட வாழ்வில் எப்படி வேலை செய்கிறது? பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து ஒருவர் வந்து கடலோரமாக ஒரு மனை வாங்கப் பார்க்கிறார் என்று வையுங்கள். கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. ‘ஊருரிமை’ வேண்டும், அல்லது தீவு அரசின் தனி அனுமதி வேண்டும். பின்லாந்துக் குடிமகனாக இருந்து, தீவில் ஐந்தாண்டு குடியிருந்து, சுவீடிஷும் தெரிந்தால்தான் ஊருரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கூட ஐந்தாண்டுக்கு மேல் வெளியே குடியிருந்தால் அதை இழப்பார். கடுமைதான். ஆனால் இவ்வளவு சின்ன சமூகம் தன் மண்ணில் சிறுபான்மையாகிவிடாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, இந்தத் தன்னாட்சிச் சட்டத்தையே பின்லாந்து மாற்றிவிட்டால்? முடியாது. ஹெல்சிங்கி நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தும் அதே கடினமான முறையில் நிறைவேற்ற வேண்டும். அப்புறம், 30 உறுப்பினர் கொண்ட தீவுச் சட்டமன்றத்திலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதுதான் இரண்டாவது சாவி.

ஆப்பிரிக்காவின் எரித்திரியாவிடம் அந்தச் சாவி இருக்கவில்லை. ஐ.நா. தீர்மானப்படி 1952-இல் தன்னாட்சியோடு எத்தியோப்பியாவுடன் இணைந்தது. தனிச் சட்டமன்றம் இருந்தது, கொடி இருந்தது. பத்தே ஆண்டில், 1962-இல், பேரரசர் ஹைலி செலாசி அத்தனையையும் கலைத்தார். ஐ.நா. தடுக்கவில்லை. 1961-இலேயே தொடங்கியிருந்த ஆயுதப் போராட்டம் முப்பதாண்டுப் போராக நீண்டது. 1993-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தனிநாடானது. எத்தனை தலைமுறை அதில் அழிந்தது! ஒரு தன்னாட்சி ஒப்பந்தத்தைப் படித்தால், எத்தனை அதிகாரம் தந்தார்கள் என்பதைவிட, அதை யாரால் தனியாகப் பறிக்க முடியும் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

ஓலந்தில் இந்தக் காவல் வெளிநாட்டு ஒப்பந்தங்கள்வரை நீள்கிறது. பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது, தீவுக்காரர்கள் 1994-இல் தனியாக வாக்களித்தார்கள். நிலம் வாங்குவதற்கான கட்டுப்பாடு தொடரும் என்று சேர்க்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.