பதிவாளர் ஆள், பதிவுக்கருவி பொருள்

பதிவாளர் என்றால் ஆள். நிலம் வாங்கினால் பத்திரத்தைப் பதிந்து கொடுப்பவர் சார்பதிவாளர். பல்கலைக்கழக நிர்வாகக் கோப்புகள் போய்ச் சேரும் இடம் பதிவாளர் மேசை. சினிமாவில் பெயர் ஓடும்போது 'ஒலிப்பதிவு' என்று போட்டு அதன் கீழே ஒரு பெயர் வருமே, அவர் ஒலிப்பதிவாளர். இத்தனை பேர் அந்தப் பெயரில் இருக்க, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் டிஜிட்டல் வாய்ஸ் ரெக்கார்டர் என்ற ஒரு சின்னக் கருவிக்கும் 'குரல் பதிவாளர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் இணையக் கடைகளில் பார்த்தேன். இயந்திர மொழிபெயர்ப்பு என்று விட்டுவிட்டேன். அப்புறம் நான் வாங்கிய கருவியின் குறிப்புத் தாளிலேயே அது இருந்தது. போன மாதம் மதுரையில் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்போருக்கான ஒரு பயிற்சியின் அழைப்பில் 'பங்கேற்போர் கையடக்கப் பதிவாளருடன் வரவும்' என்று அச்சாகியிருந்தது. கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்றே ஒரு நண்பர் நினைத்துவிட்டார். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவிய ஊரில் இதை அச்சடித்துக் கொடுக்கலாமா?

சொல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் 'ரெகார்தாரி'யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குள் இருப்பது 'கோர்', அதாவது நெஞ்சம். நெஞ்சுக்குத் திரும்பக் கொண்டுவருதல், நினைவுகூர்தல் என்பது பழைய பொருள். எழுதி வைத்தலும் ஒலியைப் பிடித்து வைத்தலும் பின்னால் ஏறியவை. டிஜிட்டல், விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விரல் விட்டு எண்ணியதால் எண்ணுக்கு ஆகிவந்தது. தமிழில் 'பதி' என்றால் அழுந்த வைத்தல். கல் பதித்த தோடு, ஈர மண்ணில் பதிந்த கால்தடம், மல்லிகைக் கிளையை வளைத்து மண்ணுக்குள் அழுத்தி வைக்கும் பதியம் எல்லாம் ஒரே வேர். 1877-இல் எடிசன் செய்த ஃபோனோகிராஃபில் ஊசி வெள்ளீயத் தாளை அழுத்திப் பள்ளம் விழுத்திக்கொண்டே போனது. அது சொல்லுக்குச் சொல் பதிவுதான். இன்றைய கருவியில் ஊசியும் இல்லை, பள்ளமும் இல்லை. நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ ஒலியை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. இருந்தாலும் 'பதிவு' நிலைத்துவிட்டது, நல்ல சொல், அதன்மேல் எனக்கு வழக்கே இல்லை. வழக்கெல்லாம் அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'ஆளர்' மேல்தான்.

ஆங்கிலத்தில் ரெக்கார்டர், பிளேயர், ஸ்பீக்கர் என்று முடியும் அந்த ஒரே ஈறு ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். மேடையில் பேசுபவரும் ஸ்பீக்கர், கல்யாண வீட்டில் கட்டும் குழாயும் ஸ்பீக்கர். தமிழுக்கு அந்த வசதி கிடையாது, அது தேவையும் இல்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை எது, அஃறிணை எது என்ற பாகுபாட்டில்தான். திணை தெரியாமல் நாம் ஒரு வினைமுற்றைக்கூட முடிக்க முடியாது. பதிவாளர் தொலைந்துவிட்டதா, தொலைந்துவிட்டாரா? குறிப்புத் தாளை எழுதியவருக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 'பயன்படுத்தாவிட்டால் பதிவாளர் தானாக அணைந்துவிடும்' என்று எழுவாயை உயர்திணையில் தொடங்கி அஃறிணையில் முடித்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி 'பதிவாளரை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது' என்று ஓர் எச்சரிக்கை. ஒரே ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் உறைத்திருக்கும். புளூடூத் ஸ்பீக்கரைப் 'புளூடூத் பேச்சாளர்' என்று விற்பவர்களும் இதே கூட்டம்தான்.

பொருளுக்குப் பெயர் வைக்க நம்மிடம் வழியா இல்லை? மண்வெட்டி, பாக்குவெட்டி, வடிகட்டி, இடிதாங்கி என்று வேலையைச் சொல்லிக் கடைசியில் ஓர் இகரத்தை வைத்தால் கருவி கிடைத்துவிடுகிறது. அந்த வழியில் வந்ததுதான் ஒலிபெருக்கி. ஊர்த் திருவிழா நோட்டீஸ் வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

'இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்' என்று கேட்கிறார்கள். புரிந்துகொள்ளவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். பாடல் சேகரிப்பில் ஒவ்வொரு ஒலிக்கோப்புக்கும் ஒரு படிவம் உண்டு: பாடியவர், ஊர், நாள், பதிவாளர், கருவி. உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஒப்பாரியைப் பதிந்து வந்த மாணவர் 'பதிவாளர்' என்ற கட்டத்தில் ரெக்கார்டரின் மாடல் எண்ணை எழுதிக் கொடுத்தார். கருவி என்ற கட்டத்தில் 'இயர்போன்' என்று இருந்தது. அவர்மேல் தப்பில்லை, அவர் கையில் இருந்த கருவியின் குறிப்புத் தாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. அவர் பக்கத்தில் இருந்ததால் கேட்டுத் திருத்தினோம். ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர் யாரைக் கேட்பார்?

இன்னொரு வாதம், ஆளர் தூய தமிழ் ஈறு, ரெக்கார்டர் ஆங்கிலம், ஆகவே பதிவாளர் மேல் என்பது. உறுப்பெல்லாம் தமிழாக இருந்தால் மட்டும் சொல் தமிழாகிவிடாது. ரெக்கார்டர் என்று தமிழ் எழுத்தில் எழுதினால் படிப்பவருக்குப் பொருள் பிசகாமல் போய்ச் சேர்கிறது. என் கணக்கில் நேர்மையான கடன் சொல் பிழையான தமிழ்ச் சொல்லைவிட நூறு மடங்கு நல்லது. தனித்தமிழ்மேல் பற்றுள்ளவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

'குரல்' என்ற முன்பகுதியும் பொருந்தவில்லை. குரல் மிடற்றிலிருந்து வருவது. (பழந்தமிழில் தினைக்கதிருக்கும் குரல் என்று பெயர், ஏழிசையில் முதல் இசைக்கும் குரல் என்றுதான் பெயர்.) இந்தக் கருவியோ பறையையும் பிடிக்கும், மழையையும் பிடிக்கும். பெயர் தவறியதால் வேலையும் கெடுகிறது. பல கருவிகளில் பேச்சுக்கு ஒரு பதிவு முறை, இசைக்கு ஒரு பதிவு முறை என்று இருக்கும். பேச்சு முறையில் வைத்தால் கருவியே ஒலி அளவை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். மேலூர்ப் பக்கம் நடவு வயலில் பெண்கள் பாடிக்கொண்டே வந்து திடீரென்று குலவை போடும்போது அளவு சடக்கென்று கீழே போகும். குலவை முடிந்து பாட்டு தொடங்கினால் முதல் வரி அமுங்கியே கேட்கும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது. நான் தானியங்கி அளவை அணைத்துவிட்டு, உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கும்படி கையால் வைத்துக்கொள்வேன். 'குரல் பதிவாளர்' என்று படித்துவிட்டு வருபவர்கள் பாட்டும் குரல்தானே என்று பேச்சு முறையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி என்று சொல்லுங்கள்; பேச்சில் பதிவுக்கருவி போதும். 'ஒலிப்பதிவி' என்று சிலர் சொல்வது சுருக்கமாக இருக்கிறது. ஆனால் வெட்டு, கட்டு, தாங்கு எல்லாம் வினை, பதிவு பெயர்ச்சொல். அதன் வாலில் இகரம் ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பிளேயருக்கு நடந்தது இதைவிட மோசம். 'எம்பி3 வீரர்', 'பாடலை விளையாடு' என்றெல்லாம் வருகிறது. அதைத் தாங்கிப் பேச யாரும் இல்லை என்பதால் விட்டுவிடலாம். தாங்கிப் பேசுவது 'இசை இயக்கி'யை; தமிழ்க் கணிமையில் உண்மையாக உழைத்தவர்களும் சொல்வதால் நின்று பதில் சொல்ல வேண்டும். கருவியை இயக்குவது நாம். விசையை அழுத்துகிறோம், கருவி இயங்குகிறது, பாட்டு ஒலிக்கிறது. இயக்கப்படும் பொருளுக்கே இயக்கி என்று பெயர் வைத்தால் அழுத்திய விரலுக்கு என்ன பெயர்? அடுத்தது, கணினியில் வன்பொருளை ஓட வைக்கும் டிரைவருக்கு இயக்கி என்ற சொல் எப்போதோ போய்விட்டது. 'ஒலி இயக்கியைப் புதுப்பிக்கவும்' என்று திரையில் வந்தால் பாட்டுக் கேட்கும் செயலியையா, டிரைவரையா என்று தெரியாமல் திணற வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, இயக்கி இந்த ஊர்த் தெய்வம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக்குப் புறத்தே இருந்த இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் மாதரி கண்ணகியைப் பார்க்கிறாள். தெற்கே போனால் அவள் இசக்கியம்மன். ஒரு சொல்லுக்கு மூன்று சுமை போதும், நான்காவதை ஏற்ற வேண்டாம்.

வாக்மேன் என்றும் எம்பிமேன் என்றும் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு அவற்றைச் செய்தவர்களே ஆள் பெயர் வைக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். 1979-இல் சோனி வைத்த வாக்மேனும் 1998-இல் கொரியாவிலிருந்து வந்த எம்பிமேனும் வணிகப் பெயர்கள். பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல எதையும் வைக்கலாம். நாம் தேடுவது பொதுப்பெயர்.

சரி, என்னதான் சொல்வது? இசைக்கருவி என்றால் நாகஸ்வரம். ஒலிப்பான் என்றால் பஸ் ஹாரன். எஞ்சுவது இசைப்பான். 'ஆன்' ஆண்பால் ஈறாயிற்றே, அதுவும் உயர்திணைதானே என்று என்னையே மடக்குவார்கள். ஓணான், பூரான், காளான் எல்லாம் உயர்திணையா? பள்ளிப் பிள்ளைகள் அழிப்பானை எடுத்து அழிக்கிறார்கள், அழிப்பான் யார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஆகவே பாட்டுக் கேட்பது இசைப்பான், பதிவது பதிவுக்கருவி. இரண்டையும் செய்யும் என்னுடையது போன்றதைக் கையடக்க ஒலிக்கருவி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கிறது. கடையில் போய்ப் பிளேயர் என்றே கேளுங்கள், அதில் குற்றமில்லை.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு நாள் ஊருக்குள் வந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். டவுன்ஹால் ரோட்டுக் கைபேசிக் கடைகளில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று எழுதிப் போட்டார்கள். அகராதி பார்த்து யாரும் எழுதவில்லை. பாடி முடித்த பாட்டி 'போட்டுக் காட்டு, கேப்போம்' என்பார். திரும்ப ஒலிக்கச் செய்வதற்குப் 'போடு' என்ற சொல் இசைத்தட்டுக் காலத்திலிருந்து இருக்கிறது. 'விளையாடு' எங்கிருந்து வந்தது?

கருவித் திரையின் தமிழ்ப் பட்டியலில் நான் உடனே மாற்றச் சொல்வது ஒன்று இருக்கிறது. விசைகள் தவறி அழுந்தாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளுவிசை உண்டு, ஹோல்ட் என்பார்கள். அதற்குப் 'பிடி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டைப் பிடி என்றால் பதி என்று பொருள். 'பாட்டுப் புடிக்கிற மிஷினாய்யா இது?' என்றுதான் முதலில் கேட்பார்கள். புதிதாகப் பதிய வருபவர்கள் திரையில் 'பிடி' என்று பார்த்ததும் அதைத் தள்ளிவிட்டு, பதிவாகிறது என்று நம்பிக் கருவியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது எல்லா விசையும் பூட்டிக் கிடக்கும், ஒரு வரியும் ஏறியிருக்காது. அங்கே எழுத வேண்டியது 'பூட்டு'. சிவப்புப் பொத்தானுக்குப் 'பதி', முக்கோணத்துக்குப் 'போடு', சதுரத்துக்கு 'நிறுத்து'.