கலர் வந்துவிட்டால் நிரல் சரியாகிவிடுமா?

புராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதம் வந்தால் போதும், நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை ஒரே கேள்வி: "சார், ஃபோர்ட்ரானுக்கு எந்த எடிட்டர் நல்லது?" ஃபோர்ட்ரான் கணக்குகளுக்கான பழைய நிரல் மொழி; எடிட்டர் நிரலை எழுதும் மென்பொருள், விஎஸ் கோடு அதில் ஒன்று. கூடவே ஒரு புகார்: "விஎஸ் கோடு போட்டேன், கலரெல்லாம் வருது. விடைதான் தப்பா வருது."

மக்கா, எடிட்டர் நிரலின் சொற்களுக்குப் பூசும் அந்தக் கலர் ஒரு சொற்பட்டியலும் சில வடிவ விதிகளும், அவ்வளவுதான். 'டூ' என்ற கட்டளைச் சொல்லைக் கண்டால் ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருந்தால் வேறு நிறம். மாறியை அறிவித்தீர்களா, அது என்ன வகை, வரி எங்கே முடிகிறது, எதுவும் அதற்குத் தெரியாது. கல் வைத்துப் பழுக்க வைத்த வாழைத்தார் மாதிரி: தோல் மஞ்சள், உள்ளே காய். மட்டிப்பழம் வாங்கும்போது ஏமாறாத ஊர்க்காரர்கள் இதில் மட்டும் ஏமாறுகிறார்கள்!

பைத்தானில் தப்பாக எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறதே என்பீர்கள். அதைப் போடுவது பின்னால் ஓடும் லாங்குவேஜ் சர்வர் என்ற தனி நிரல். ஃபோர்ட்ரானுக்கும் 'ஃபோர்ட்எல்எஸ்' உண்டு. அதைத் தனியாக நிறுவ வேண்டும். அதை நிறுவவா என்று ஃபோர்ட்ரான் எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் சேர்க்கும் துணை நிரல்) கேட்ட அறிவிப்பை மூடிவிட்டு "சப்போர்ட் இல்லை" என்று சொல்லாதீர்கள். நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரே இல்லாத லேப்டாப்பில் எக்ஸ்டென்ஷன் மட்டும் போட்டு வைத்திருப்பவர்களிடம் என்ன சொல்ல?

இனி அந்தத் தப்பான விடை. கையில் இருப்பது பெரும்பாலும் ஃபோர்ட்ரான் 77 காலத்து நிரல். அதில் ஒவ்வொரு வரியிலும் கட்டளை 7 முதல் 72-ஆம் எழுத்திடம் வரைதான். அதற்கப்பால் உள்ளதைக் கம்பைலர் படிக்காது. 'டோட்டல்2' என்ற பெயரின் 2 மட்டும் 73-இல் விழுந்தால் அது 'டோட்டல்' ஆகிவிடும். அறிவிக்காத பெயரையும் ஏற்றுக்கொள்ளும் மொழி என்பதால் பிழை காட்டாது. குப்பை மதிப்போடு கணக்கு ஓடும். திரையில் கலர் அழகாகவே இருக்கும்.

ஆகவே எடிட்டரை இப்படிப் பாருங்கள். 72-இல் நெடுங்கோடு போட முடிகிறதா? விஎஸ் கோடு அமைப்புகளில் 'ரூலர்ஸ்' என்று தேடுங்கள். டேப்பை இடைவெளியாக மாற்றுகிறதா? டேப் திரையில் பிடிக்கும் இடம் வேறு, கம்பைலர் எண்ணுவது வேறு. உள்ளிருந்தே கம்பைல் செய்து, பிழையைச் சொடுக்கினால் அந்த வரிக்குப் போகிறதா? இது மூன்றும் இருந்தால் கலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 4 ஜிபி ரேம் என்றால் கீனி என்ற எடிட்டர் போதும். எஃப்8 அழுத்தினால் கம்பைல் ஆகும். ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் ஃபோர்ட்ரானின் இந்தப் பழைய வடிவத்துக்கும் புதியதற்கும் தனித்தனி மோடு கூடவே வருகிறது. பழகப் பொறுமை இருந்தால் அதுவே மேல்.

எந்த எடிட்டரானாலும் கம்பைல் கட்டளையில் 'வால்' (-Wall) விருப்பத்தைச் சேருங்கள். வெட்டுப்படும் வரியை அது எச்சரிக்கும். ஒவ்வொரு சப்ரூட்டீனிலும் (நிரலின் துணைப் பகுதி) 'இம்ப்ளிசிட் நன்' எழுதுங்கள்; அறிவிக்காத பெயர் வந்தால் பிழை காட்டும். புதுசாக்குகிறேன் என்று பழைய வடிவ '.எஃப்' கோப்பை, புதிய வடிவத்துக்கான '.எஃப்90' எனப் பெயர் மாற்றாதீர்கள், தயவுசெய்து. முதல் இடத்தில் 'சி' போட்ட குறிப்பு வரிகளெல்லாம் பிழையாகக் கொட்டும்.

புரோலாக் என்ற நிரல் மொழி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று: '.பிஎல்' கோப்பை விஎஸ் கோடு பெர்ல் மொழி என்றே எடுத்துக்கொள்ளும். புரோலாக் எக்ஸ்டென்ஷன் போட்டு, கீழே வலது மூலையில் மொழிப் பெயரைச் சொடுக்கி மாற்றுங்கள். அதுவரை நீங்கள் பார்ப்பது வேறொரு மொழியின் கலர்.